பீம்ராவின் கடைசி ஷிஃப்ட்

கணவரின் உதடுகளைச் சங்கமித்ரா ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கண் திறக்காமலே கேட்டார்: "டேங்க்ல டெம்பரேச்சர் எவ்ளோ?"

அவள் கை நின்றது. திருவொற்றியூர் வீட்டு ஜன்னல் திரை கடல்காற்றில் உப்பி, மெல்ல அடங்கியது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட பிறகு அவர் பேசிய முதல் பேச்சு.

"இன்னா கேக்குறான்மா?" என்றாள், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா பூவம்மா.

"வேலைல கீறாரு அண்ணி."

பீம்ராவ் ஐதராபாத்தில் ஒரு தடுப்பூசிக் கம்பெனியின் தயாரிப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளுயர எஃகுத் தொட்டிகளில் உயிருள்ள செல்களை வளர்க்கிற வேலை. சாப்பிட உட்கார்ந்தாலும் பிளான்ட்டுக்குப் போன் போட்டு இதைத்தான் முதலில் கேட்பார். அந்தத் தொட்டிகளைச் சங்கமித்ரா ஒருநாளும் பார்த்ததில்லை.

"கரெக்டா கீது சார்," என்றாள்.

"காத்து போவுதா?"

"போய்க்கினே கீது சார்."

"பாத்துக்கோங்க. செல்லு செத்துடும்."

அவர் முகம் தெளிந்தது. துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்த கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. அடுத்து அவர் பேசியபோது, நினைவில் பழைய பெங்களூர் வேலையில் இருந்தார். ஈஸ்ட்டுக்குள் ஒரு மரபணுவைச் சேர்க்க மாதக்கணக்கில் முயன்று தோற்றுக்கொண்டிருந்த காலம் அது. மரபணு சேர்ந்தால்தான் சோதனைத் தட்டில் ஈஸ்ட் வெள்ளைப் புள்ளிகளாக முளைக்கும்.

"தட்டுல வெள்ளப் புள்ளி எதுனா வந்துச்சா?"

"தட்டு முச்சூடும் வந்துகீது சார்."

சிரித்தார். பூவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு மூச்சு விட்டுவிட்டு வந்தது. சுவரிலிருந்த வெயில் கட்டிலுக்கு இறங்கியபோது, அவர் விரல்கள் சட்டையின் மேல்பொத்தானைத் தேடின.

"மே ஐ கம் இன், சார்?"

சங்கமித்ராவுக்குப் புரிந்துவிட்டது. எம்.எஸ்ஸி. முடித்ததும் கிண்டியில் ஒரு கம்பெனிக்குப் போன முதல் நேர்காணல். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். கடைசியாக வீடு எங்கே என்று கேட்டார்கள். வியாசர்பாடி என்றதும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், சாதி தெரிந்துவிட்டதுபோல, பேனாவை மூடி வைத்துவிட்டார். வேலை கிடைக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரேயொரு முறை அவளிடம் இதைச் சொன்னார். அதன்பின் எத்தனையோ பதவி உயர்வுகள் வந்தன. அந்தப் பேச்சு மட்டும் வரவில்லை.

"உள்ளே வாங்க. உட்காருங்க," என்றாள், குரலைத் திருத்திக்கொண்டு.

அவள் எதையும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "வீடு வியாசர்பாடி, சார்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மூடிய இமைகளுக்குள் கருமணிகள் அலைந்தன.

"சந்தோஷம்," என்றாள் சங்கமித்ரா. "திங்கட்கிழமை வந்து வேலையில சேர்ந்துடுங்க, பீம்ராவ்."

இத்தனை வருஷத்தில் அவர் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"தேங்க் யூ, சார்."

திரை உப்பியது, அடங்கியது. மறுபடி உப்பியது. அவர் நெஞ்சில் அசைவில்லை. பூவம்மா தம்பியின் பாதங்களைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அவள் எழுப்பிய ஓலத்தில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன.

ஆட்கள் வந்தார்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். பூவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மித்ரா, இன்னாம்மா பண்ணிக்கினு கீற?"

சங்கமித்ரா, பீரோவிலிருந்து எடுத்த அவருடைய வெள்ளைச் சட்டையை மேசையில் விரித்து, தண்ணீர் தெளித்து, காலரிலிருந்து இஸ்திரி போடத் தொடங்கியிருந்தாள்.