தாமஸ் தின்ற கூரை

"அது கிரேன் கொக்கி இடிச்ச பள்ளம் இல்ல மாமு. முட்டி."

"யாரு முட்டி?"

"ஆளு முட்டி. மண்டி போட்டு நகந்து நகந்து போயிருக்கு பாரு, ஜோடி ஜோடியா. கீய நின்னுகினு கேட்டா இன்னா தெரியும்? மேல ஏறி வா."

"நான் ஏறல நைனா. நீ தட்டி நிமித்து, போதும்."

"தட்னா நிமிரும். துருவுக்கு இன்னா பண்ணுவ? வெறும் மயத் தண்ணி இப்டி அரிக்காது."

லாரியின் கூரைமேல் குந்தியிருந்த டிங்கர் அலி அக்பர் துருவை நகத்தால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினான்.

"உப்பு கரிக்குது. இங்க இன்னா காய வெச்ச?"

கீழே நின்றிருந்த தாமஸ், கேள்வியை டயர்தான் கேட்டது என்பதுபோல டயரைப் பார்த்தான். "நான் வெக்கல. சிலுவையம்மா அக்காதான்."

"கருவாடா?"

"ஆமா."

"எத்தினி நாளா?"

"வண்டி வாங்கனதுலேந்து."

"சும்மாவா வுட்ட?"

"வாராவாரம் ஒரு பொட்டலம் குடுக்கும்."

அலி அக்பர் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. "அப்போ நீ துன்னது கருவாடு இல்ல மாமு. ஒன் கூரைய நீயே துன்னுகீற!"

ராயபுரம் கல்மண்டபத்தில் ரயில்வே மதிலை ஒட்டி, பேருக்குக்கூட ஒரு மரமில்லாத இடத்தில் நிற்கும் அந்த லாரி. பின்பக்கம் முழுக்கத் தகரம் அடைத்த கூண்டு வண்டி. வெயில் ஏற ஏறக் கூரை தோசைக்கல்லாகிவிடும். காசிமேட்டில் மீன் விற்கும் சிலுவையம்மாள், விற்றது போக மிஞ்சியதை முன்பெல்லாம் கடற்கரை மணலில்தான் காயவைத்தாள். மணலைக் கடல் தின்றது. கடல் இன்னும் உள்ளே வராமலிருக்கப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மொட்டைமாடிக்குப் போனாள், வீட்டுக்காரர் பூட்டுப் போட்டார். ரோட்டோரம் போட்டால் கண்டெய்னர் லாரிகளின் புழுதி. அப்படியிருக்கையில்தான் தாமஸ் லாரி வாங்கிக்கொண்டு வந்தான். அவள் பின்பக்கத்து ஏணியைப் பார்த்தாள், அது போய்ச் சேரும் உயரத்தைப் பார்த்தாள், பிறகு தாமஸைப் பார்த்தாள். "ஒரு ஓரமா தாமஸு" என்றாள். அந்த ஓரம் மெல்ல மெல்ல வளர்ந்து நான்கு ஓரமாகிவிட்டது.

இத்தனை நாள் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. தாமஸ் ஏற்றியதெல்லாம் இரும்புச் சாமானும் பெயின்ட் டின்களும். ஒழுகினால் ஒழுகட்டும். தொல்லை பிஸ்கட் ரூபத்தில் வந்தது. மொத்த வியாபாரி தேவப்பிரியம், நாகர்கோவில் பக்கத்துக்காரர், போன வாரம் அவனைக் கூப்பிட்டார். தினமும் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிக் கடைகளுக்கு பிஸ்கட் லோடு. காலையில் கிளம்பினால் பொழுது சாயும் முன் வீடு. துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்று நின்று, ஸ்டியரிங்மேல் தலை வைத்தே பாதி ஆயுளைத் தூங்கித் தீர்த்தவனுக்கு, சூடு ஆறாத சோறு என்பது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம். அவன் மனைவி ஆலிஸ் அந்தச் செய்தியைக் கேட்டதும், இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு சின்ன மேசைக்கு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

தேவப்பிரியம் இரண்டே நிபந்தனை வைத்தார். "வண்டி ஒழுகப்பிடாது, நாறப்பிடாது. திங்கக்கிழமை நானே வந்து உள்ள ஏறி மோந்து பாப்பேன், கேட்டியா?"

ஆகவே கூரை நிமிர வேண்டும், ஓட்டை அடைபட வேண்டும். அதைவிட முக்கியம், சிலுவையம்மாளிடம் சொல்ல வேண்டும். தாமஸ் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "அக்கா, ஒரு விசயம்" என்று ஆரம்பிப்பான். "இரு இரு" என்று கூடையில் கைவிடுவாள். வாளைக் கருவாட்டுப் பொட்டலம் கைக்கு வந்துவிடும். கையில் அது இருக்கும்போது வாயில் இது எப்படி வரும்? "நல்லா கீதுக்கா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவான். ஆலிஸ் பொட்டலத்தைப் பார்ப்பாள், அப்புறம் அவனைப் பார்ப்பாள்.

அலி அக்பரின் ஷெட் திருவொற்றியூரில். கூண்டு வண்டி அதன் வாசலில் முட்டும் என்பதால் அவனே சாமான்களோடு இங்கே வந்திருந்தான். சிலுவையம்மாள் ஏலம் முடிந்து திரும்புவதற்குள் வேலையை முடித்துவிடுவது தாமஸின் திட்டம். முடித்த பிறகு அவளிடம் என்ன சொல்வது என்பது திட்டத்தில் இல்லை.

பள்ளங்களைத் தட்டி எடுத்த பின், "இப்போ ஓட்ட தேடணும்" என்றான் அலி அக்பர். "நீ உள்ள போ. நான் வெளிய தாப்பா போடறேன். எங்க வெளிச்சம் தெரியுதோ அங்க இந்தக் கம்பிய மேல குத்து. நான் வட்டம் போட்டுகினே வரேன்." பழைய சைக்கிள் சக்கரக்கம்பி ஒன்றைக் கையில் கொடுத்தான்.

கதவு மூடியது. முதலில் இருட்டு, கூடவே மீன் வாசம். பிறகு கண் பழகியது. தாமஸ் வாயைத் திறந்தபடி நின்றான்.

தலைக்கு மேலே ஒரு வானம். துறைமுகத்து விளக்குகள் விடிய விடிய எரியும் ராயபுரத்தில் நட்சத்திரம் பார்ப்பதென்றால் மின்சாரம் போக வேண்டும். இங்கே உச்சி வெயிலில், அவனுடைய சொந்தத் தகரத்தில், கொட்டிக் கிடந்தன. ஊசிமுனையளவு, கடுகளவு, மூலையில் பட்டாணியளவு ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெளிச்ச நூல் இறங்கித் தரையைத் தொட்டது. கை நீட்டினால் உள்ளங்கையில் ஒரு பொட்டு. இவ்வளவு அழகாகவா நாசமாகிப் போயிருக்கிறது என்று நினைத்தான்.

உள்ளே கிடந்த கள்ளிப்பெட்டிமேல் ஏறிக் கம்பியைக் குத்தினான். மேலே சாக்பீஸ் கிறீச்சிட்டது. டொக்கென்று ஒரு தட்டு, அடுத்தது என்று அர்த்தம். பாதிக் கூரை இப்படியே போனது. அப்புறம் அலி அக்பரின் குரல் ஏணியில் இறங்கியபடியே வந்தது. "டீ சொல்லிட்டு வரேன் மாமு!" தாழ்ப்பாளைத் திறக்க அவன் மறந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஏணி மறுபடி முனகியது. கூடவே வளையல் சத்தம். அலி அக்பருக்கு வளையல் கிடையாது.

"ஆமா சார், வாராவாரம் மெஸ்ஸுக்கே கொண்டாந்து குட்த்துட்றேன்." சிலுவையம்மாள் போனில் பேசிக்கொண்டே ஏறினாள். "மொத மொத நிலையா ஒரு கிராக்கி, வுட்ருவனா? எடத்துக்கு இன்னா சார் கவல? தாமஸ் வண்டி கீது. அது வாயில இல்லன்ற வார்த்தையே வராது."

பெட்டிமேல் நின்ற தாமஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா இது, வட்டம் வட்டமா? எந்தப் பசங்க வேல?" என்று முணுமுணுத்தாள். சரசரவென்று பழைய வலை விரியும் ஓசை. முட்டிகள் தகரத்தில் ஊன்றின. இப்போதுதான் நிமிர்த்திய இடம் ‘டம்’ என்று உள்வாங்கியது. ஒரு நட்சத்திரம் அணைந்தது. பிறகு அதன் பக்கத்தில் இருந்ததும். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, வாளை வாளையாக, வானம் மூடிக்கொண்டே வந்தது. மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தான். உப்பு.

தாமஸுக்கு ஆலிஸ் அளவெடுத்த மேசை கண்ணில் வந்தது. மிச்சமிருந்தது மூலையிலிருந்த பட்டாணி ஒன்றுதான். அதுவும் அணையப் போன நேரத்தில் கம்பியை மேலே குத்தினான்.

கம்பி மெத்தென்று எதிலோ ஏறியது. மேலே, உப்புப் போட்டுப் படுக்கவைத்த ஒரு வாளை, எழுந்து உட்கார்ந்தது.

"மாதாவே!"

"அக்கா, நான்தான்க்கா."

"எந்த நான்?"

"தாமஸ். உள்ள கீறேன்."

வாளை விலகியது. வெளிச்சம் வந்தது. உடனே அந்த வெளிச்சத்தை ஒரு கண் மறைத்தது. "பூட்டிகினு உள்ள இன்னாடா பண்ற?"

"ஓட்ட தேட்றேன்."

"கெடச்சுதா?"

"நெறைய கெடச்சுதுக்கா."

"பேஜாரு புடிச்சவனே, ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. சரி இரு, வெளிய வா, ஒனக்குன்னு ஒரு பொட்டலம் தனியா கட்டி வெச்சிகீறேன்."

பட்டாணியளவு ஓட்டை. அந்த வழியாக எந்தப் பொட்டலமும் இறங்க முடியாது. தாமஸ் இரண்டு கைகளையும் பார்த்தான். காலியாக இருந்தன. இந்த இருட்டில் அவள் முகமும் தெரியவில்லை.

"வேணாம்க்கா" என்றான். "இரு, நான் சொல்லிடறேன். தேவப்பிரியம் அண்ணாச்சி பிஸ்கோத்து லோடு தரேன்னு கீறாரு. தெனத்துக்கும். திங்கக்கெயம வந்து மோந்து பாப்பாரு. அந்த வட்டமெல்லாம் பசங்க போட்டதில்ல. ஒவ்வொண்ணும் ஓட்ட. உப்புல போச்சுக்கா."

மேலே ஒரு நகம் தகரத்தைச் சுரண்டியது.

"அக்கா," என்றான் தாமஸ், கழுத்து வலிக்க அண்ணாந்தபடி. "கருவாட்ட எட்த்துடுக்கா. இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே இங்க போடாதக்கா."