மிதந்த துளி

கார் சுவரில் மோதி ஐம்பது மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் எண்ணச் சொல்லவில்லை, அவளாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை காலை எட்டு பத்துக்கு மோதியது. இன்று வெள்ளி, மணி பத்து பத்து. அவள் வேலை பார்க்கும் குடிநீர் சோதனைக்கூடத்தில் மாதிரிகளை இன்குபேட்டரில் வைத்துவிட்டு இப்படித்தான் மணி எண்ணுவாள். தண்ணீரில் கிருமி இருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எப்படியும் தெரிந்துவிடும். இங்கே ஐம்பது ஆகியும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மழை விட்டபாடில்லை. ஐந்து நாளாகப் பெய்கிற குளிர்ந்த, சலிப்பூட்டும் மழை. ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்திருந்தது. அக்கா சாய்வு நாற்காலியில் இடது தோளில் பட்டை கட்டி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காறை எலும்பு உடைந்திருந்தது. ஆறு வாரம் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாப்பாட்டு மேசையில் அக்காவின் கணவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். காருக்கு பிரேக் வேலை பார்த்த மெக்கானிக்கின் முதலாளிக்கு.

"லேபிள், இந்த வரியைக் கேளு. 'இவர் என் மனைவியின் உயிரோடு விளையாடியிருக்கிறார்.' எப்படி இருக்கு?"

"சீரியல் வசனம் மாதிரி இருக்கு," என்றாள் அக்கா. "எலும்புதான் உடைஞ்சிருக்கு, உயிர் இருக்கு. அதை எடுக்கறதுக்குத்தான் நீங்க ஒருத்தர் இருக்கீங்களே."

"உன்னைக் கேட்டேனா? படிச்ச பொண்ணைக் கேட்டேன்."

படித்த பெண் ஈரத்துணியை மடித்தாள். லேபிள் என்பது மாமா அவளுக்கு வைத்த பெயர். வேதியியல் முடித்துவிட்டு வேலை கிடைத்து அக்கா வீட்டுக்கு வந்து தங்கிய முதல் வாரமே, சமையலறையில் இருந்த எல்லா டப்பாக்களிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, உள்ளே இருப்பதன் பெயரை எழுதிவிட்டாள். இவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது என் நெற்றியிலும் ஒன்று ஒட்டிவிடுவாள் என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேலி செய்தாலும் அவருக்கு அவள் எழுத்தின் மேல் அசாத்திய நம்பிக்கை. இந்த வீட்டில் அவள் கையெழுத்து இருக்கிற எதையும் யாரும் மோந்து பார்ப்பதில்லை.

போன் அடித்தது. யாரோ விசாரித்தார்கள். மாமா இரண்டு நாளாகச் சொன்னதையே சொல்ல ஆரம்பித்தார்.

"அந்த இறக்கம் இருக்குல்ல, அங்கதான். ரோடு முழுக்க ஈரம், எதிர்ல ஒண்ணும் தெரியல. பிரேக்கை மிதிக்கிறேன், கால் அப்படியே தரைக்குப் போவுது. திரும்ப மிதிக்கிறேன், பொதுபொதுன்னு இருக்கு, பஞ்சுல கால் வெச்ச மாதிரி. கீழ பஸ் ஸ்டாப்புல பத்துப் பேர் குடை பிடிச்சுட்டு நிக்கிறாங்க. ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன், வண்டி வழுக்கிட்டுப் போவுது. அவங்க மேல போறதுக்கு இந்தச் சுவர் மேல போவோம்னு ஒடிச்சேன். இவ பக்கம்தான் மோதிடுச்சு."

இந்த இடத்தில் அவர் குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உள்ளே போகும். பிறகு தேறிக்கொண்டு வருவார்.

"முந்தின வியாழக்கிழமைதான் பிரேக் வேலை பார்த்துக் குடுத்தான். ஞாயித்துக்கிழமை லைட் மினுக்குச்சேன்னு நானே பிரேக் ஆயில் ரெண்டு மூடி ஊத்தினேன். அதுவும் நம்ம லேபிள் ஒட்டி வெச்ச பாட்டில்லேருந்து. அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா யார் தப்பு, சொல்லுங்க?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். இந்த வரி வரும்போதெல்லாம் அவளுக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஆயில் ஊற்றும்போது குடை பிடித்தது அவள்தான். "ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ள போகக் கூடாது மாமா. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கும்," என்று பாடம் வேறு நடத்தினாள். தன் முதுகு முழுக்க நனைய, குடையை என்ஜினுக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் தன்னைப் பற்றித் தனக்கிருந்த பெருமிதம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்குக் காது மடல்கள் சுட்டன.

புதன்கிழமை மத்தியானம் அக்காவுக்கு மாற்று உடை எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வீட்டுக்கு வந்தாள். அலமாரியில் உடைகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது தையல் மெஷின் கண்ணில் பட்டது. போன மாதம் அக்கா புலம்பியது ஞாபகம் வந்தது. "ஆயில் விட்ட இடமெல்லாம் மெஷின்ல பெயின்ட் உரியுதுடி. நல்ல ஆயில்தானா அது?" அன்று அவள் ஏதோ வாசித்துக்கொண்டே, பழைய மெஷின் அப்படித்தான் என்று சொல்லிவிட்டாள். மெஷின் ஆயில் பெயின்டை உரிக்காது. பிரேக் ஆயில்தான் உரிக்கும். இதைத் தெரிந்துகொள்ள வேதியியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை, அவளோ படித்தவள்.

உடைகளைக் கட்டிலில் போட்டுவிட்டு பின்கட்டு அலமாரியைத் திறந்தாள். இரண்டு பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள். சோதனைக்கூடத்தில் கழித்துப் போட்டவற்றைக் கழுவிக் கொண்டுவந்தது அவள்தான். வீடு மாறியபோது பிரேக் ஆயில் டின்னும் மெஷின் ஆயில் டின்னும் துருப்பிடித்து ஒழுக, இரண்டையும் இவற்றில் ஊற்றி வைத்தாள். ஊற்றி முடிக்கும்போது ஆபீசிலிருந்து போன். பேசிவிட்டு வந்து, எது எதில் என்று ஞாபகத்தில் இருந்தபடி எழுதி ஒட்டினாள். பழுப்புக் கண்ணாடிக்குள் இரண்டும் ஒரே நிறம். முதலில் லேபிள், அப்புறம்தான் ஊற்ற வேண்டும் என்று சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை.

இரண்டு டம்ளர்களில் தண்ணீர் பிடித்தாள். 'பிரேக் ஆயில்' பாட்டிலிலிருந்து ஒரு துளியை முதல் டம்ளரில் விட்டாள். பிரேக் ஆயிலாக இருந்தால் தண்ணீரோடு கலந்து காணாமல் போக வேண்டும். அது போகவில்லை. வட்டமாக, பளபளப்பாக, ஒரு கண்ணைப் போல மேலே மிதந்தது. 'மெஷின் ஆயில்' பாட்டிலிலிருந்து விட்ட துளி இரண்டாவது டம்ளரில் சுவடு இல்லாமல் கரைந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். மிதந்த துளி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஆயில் பிரேக்கின் ரப்பரை என்ன செய்யும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் அந்த வீட்டில் இருந்தாள். அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் அவள் தனக்குள்கூட இதுவரை சொல்லிப் பார்க்கவில்லை.

பத்தே முக்காலுக்கு அழைப்பு மணி அடித்தது. மெக்கானிக் வந்திருந்தார். பதினோரு மணிக்குள் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவதாக மாமா போனில் சொல்லியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மழைக்கோட்டைக் கழற்றி வெளியிலேயே மாட்டிவிட்டு, செருப்பில்லாத ஈரக் கால்களை மிதியடியில் மூன்று தரம் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மாமாவிடம் போகாமல் நேராக அக்காவிடம் போனார்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"திரும்பினா இருக்கு. திரும்பாம இருந்தா இல்ல."

"திரும்பாதீங்க," என்றார் அவர். அதைச் சொன்ன தினுசில் அக்காவுக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் வலித்து, முகத்தைச் சுளித்தாள்.

"குசலம் விசாரிச்சது போதும்," என்றார் மாமா. "விஷயத்துக்கு வாங்க."

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே விரல் மூட்டு அளவில் ஒரு கறுப்பு ரப்பர். மேசையில் வைத்துப் பக்கத்தில் புதிய ரப்பர் ஒன்றையும் வைத்தார். பழையது ஒன்றரை மடங்கு பெருத்து, விளிம்பு மடங்கி, பிசுபிசுவென்று இருந்தது.

"வண்டியைப் பிரிச்சுப் பார்த்தேன் சார். வியாழக்கிழமை நான் போட்ட ரப்பர்தான் இது. இப்படி உப்பிப் போச்சுன்னா பிரஷர் நிக்காது. மிதிச்சா தரைக்குத்தான் போகும். எனக்கு ஒண்ணு கேக்கணும். நீங்க ஆயில் ஏதாவது ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன். பிரேக் ஆயில்தான். ஏன், அதுல போய் தப்பு கண்டுபிடிக்கப் போறீங்களா?"

"கண்டுபிடிக்க இல்ல சார். பார்க்கத்தான். அந்தப் பாட்டில் இருக்கா?"

"லேபிள், எடுத்துட்டு வா. நல்லாப் பார்க்கட்டும்."

பின்கட்டுக்கு எட்டு அடி. அவளுக்கு அது முடியவே இல்லை. அலமாரியைத் திறந்தாள். பாட்டிலை எடுத்தாள். கீழே போட்டு உடைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள். கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

மாமா பாட்டிலைத் திருப்பி லேபிளைக் காட்டினார். "பாருங்க. பிரேக் ஆயில். ஊத்தி வெச்ச தேதி, மாசம் முதக்கொண்டு இருக்கு. உங்க கடையில இப்படி ஒரு பாட்டில் காட்டுங்க பார்க்கலாம்."

மெக்கானிக் மூடியைத் திறந்து ஆள்காட்டி விரலில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். கட்டைவிரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி தேய்த்தார். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று மெல்ல அடங்கியது. ஒரு விளக்கைத் தணிப்பது போல.

"பிரேக் ஆயில்தான் சார். நல்ல ஆயில்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார். ரப்பர்தான் டூப்ளிகேட்டா இருக்கணும். வழக்கமா வாங்கற கடை பூட்டியிருந்துச்சு, பக்கத்துக் கடையில வாங்கினேன். கையில பார்த்தா ஒரிஜினல் மாதிரிதான் இருந்துச்சு. இருபத்தி ஆறு வருஷமா ரப்பரைத் தொட்டுப் பார்த்துச் சொல்றவன் நான். இதுல கோட்டை விட்டுட்டேன்." அவர் அக்கா பக்கம் திரும்பினார். "என் கைத்தப்புதான்மா. மன்னிச்சுக்கங்க."

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவருக்கு எதிராளி உட்கார்ந்துவிட்டது போல ஆயிற்று. பேனாவை எடுத்தார், வைத்தார். "முதலாளி என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"லெட்டர் வந்தா நாளையிலேருந்து வராதேன்னாரு. நியாயம்தான். பிரேக்குல தப்பு பண்றவனை யார் வெச்சுப்பாங்க? நீங்க கையெழுத்துப் போடுங்க சார், நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன். இந்த மழையில நீங்க வேற எதுக்கு அலையணும். ஒரு கவர்ல மட்டும் போட்டுக் குடுங்க, நனைஞ்சிடும்."

மாமா கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"மாமா," என்றாள் அவள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள்.

"மாமா, அந்த லேபிளை நான் மாத்தி ஒட்டிட்டேன். நீங்க ஊத்தினது பிரேக் ஆயில் இல்ல. மெஷின் ஆயில்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

"பயந்துட்டியா? இப்பதானே மெக்கானிக்கே விரல் வெச்சுப் பார்த்துச் சொன்னாரு, பிரேக் ஆயில்தான்னு. சரியாத்தான் ஒட்டியிருக்க."

"ரெண்டு நாளா தூங்கல இவ," என்றாள் அக்கா. "எனக்கு அடிபட்டதுலேருந்து ஏதோ தன்மேலதான் தப்புங்கற மாதிரி திரியறா. போய்ப் படுடி. உளறாத."

மெக்கானிக்கும் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்ல மனசும்மா உனக்கு. எனக்காகப் பாவம் பார்த்துப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்காத."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவள் தப்பித்துப் போக ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். அவள் சொல்லிவிட்டாள், அவர்கள்தான் நம்பவில்லை. இதோடு நிறுத்திக்கொள்ளலாம். போய்ப் படுக்கலாம். தூங்கக்கூடச் செய்யலாம். மாமா மறுபடி குனிந்தார். பேனா காகிதத்தைத் தொட்டு, பெயரின் முதல் எழுத்தைச் சுழித்தது.

அவள் மேசையருகே போய் அந்தக் காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மாமாவின் பேனா அவள் சுண்டுவிரலில் நீலமாக ஒரு கோடு போட்டு நின்றது. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மெக்கானிக்கின் விரலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இப்ப சரியாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை சரியா இல்ல. புதன்கிழமை மத்தியானம், அக்கா ஆஸ்பத்திரியில இருக்கும்போது, நான் வீட்டுக்கு வந்து தண்ணியில விட்டுப் பார்த்தேன். தெரிஞ்சுபோச்சு. ரெண்டு லேபிளையும் வெந்நீர் விட்டு உரிச்சேன். புதுசா எழுதி ஒட்டினேன். யாராவது வந்து பார்த்தா தெரியக் கூடாதுன்னு தேதிகூடப் பழைய தேதியைத்தான் போட்டேன்."

மெக்கானிக் அந்த ஒற்றை விரலை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எதில் துடைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.