நூலகத்துக்கு எதற்கு நங்கூரம்

நான்கு தீப்பெட்டிகளையும் ஃபோர்மேன் ஹாஸ்கின்ஸ் தன் மேசைமேல் வரிசையாக வைத்தான். அட்டையில் மடித்த, சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்னத் தீப்பெட்டிகள். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தேன். உலைச் சூடு இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை.

"கேப்டன் குடில். ஆணிக் கடை. பல் டாக்டர். நூலகம்." ஒவ்வொன்றையும் விரலால் தட்டி வாசித்தான். "நாலு கடைப் பேரு, வாலண்டி. ஆனா நாலுலயும் ஒரே நங்கூரம். நூலகத்துக்கு எதுக்குய்யா நங்கூரம்?"

"தெரியலைங்க."

"செம்பு திருட்டுப் போகுதுன்னு நேத்து லாக்கர் எல்லாத்தையும் சோதனை போட்டோம். உன் லாக்கர்ல இருந்துச்சு."

"அது நானும் லூபோமிரும் சேர்ந்து வச்சிருக்கற லாக்கருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"அதான் கேக்குறேன். உன்னுதா, அவனுதா?"

"யாராவது போட்டுட்டுப் போயிருப்பாங்க."

அவன் ஒரு குச்சியைக் கிழித்து உரசினான். விரலைச் சுடும்வரை பார்த்துக்கொண்டே இருந்து உதறினான். "என் மச்சான் போலீஸ்ல இருக்கான். இந்த மாதிரி இடத்தைத் தேடிப் பிடிக்கறதுதான் அவன் வேலை. பெட்டியில விலாசம் இல்லையேன்னு தலையைப் பிச்சுக்கறான். சரி, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. திங்கக்கிழமை லூபோமிர் வருவான், அவனையே கேட்டுக்கறேன். ரெண்டு பொண்ணுங்க இல்ல அவனுக்கு?"

நான் தூங்கப் போகவில்லை.

அந்த நான்கும் ஒரே கடை. அமெரிக்காவின் ஈரி ஏரித் துறைமுகத்தில், நிலக்கரிக் கிடங்குக்கு முன்னால், புரோனியா நடத்திய பார். ஆண்களை விரும்பும் ஆண்களுக்கு எங்கள் ஊரில் இருந்த ஒரே கூரை அதுதான். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகக் காலை ஏழு மணிக்கே திறந்துவிடுவாள். இரண்டாம் உலகப் போரின்போது எங்கள் ஆலையில் கிரேன் ஓட்டியவள் அவள். போர் முடிந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் வீட்டுக்குப் போகாமல் பார் வைத்தாள்.

போலீஸ் ஒவ்வொரு முறை புகுந்தபோதும் உரிமம் போயிற்று. ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு ஒன்றுவிட்ட தம்பியின் பெயரில் புது உரிமம் வாங்கிப் புதுப் பெயர் வைத்தாள். பெயருக்கு ஒரே சட்டம்: ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மனைவி முன்னால் கூசாமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய பெயர் போட்ட தீப்பெட்டிகளை எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவள் அடுப்பில் போட்டுவிடுவாள். முதல் பெயர் கேப்டன் குடில் என்பதால் அச்சுக்காரன் நங்கூரம் போட்டான். பிறகு பெயர் மாறியது, படத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. நூலகம் வந்தபோது, "கப்பல்ல இருக்கற நூலகம் போல" என்று நாங்களே சிரித்தோம். அதற்குமேல் யோசிக்கவில்லை.

பிடிபட்டவனின் பெயர், தெரு, வேலை செய்யும் இடம் எல்லாம் பேப்பரில் வரும். போன முறை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பெயர் திங்கட்கிழமை வந்தது. புதன்கிழமை அவரை ஏரியிலிருந்து எடுத்தார்கள்.

லூபோமிரும் நானும் ஆறு வருடமாக ஒன்றாக இருந்தோம். அவனுக்கு மனைவி உண்டு, குழந்தைகள் உண்டு. எங்களுக்கென்று இருந்தது அந்த பார் மட்டும்தான். ஒவ்வொரு பெயரிலும் ஒரு தீப்பெட்டியை அவன் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது எனக்கும் தெரியும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அன்று சனிக்கிழமை. ஐந்தாவது பெயரை முடிவுசெய்ய எல்லோரும் கூடியிருப்பார்கள். பேருந்தைப் பிடித்தேன். இரண்டு நிறுத்தங்களில் ஒரு பச்சைக் கார் எங்கள் பின்னால் நின்றது. ஊரில் பச்சைக் காருக்கா பஞ்சம் என்று விட்டுவிட்டேன்.

கதவைத் திறந்ததும் சிரிப்புச் சத்தம். முடிவெட்டும் ஆர்வில் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தான்.

"ஓவர்டைம்னு வைங்க! 'எங்க போறே?' 'ஓவர்டைம்'. முடிஞ்சுது!"

"உன் பொண்டாட்டி ஓவர்டைம் கூலி எங்கன்னு கேப்பாடா, மடையா," என்றாள் புரோனியா.

"அப்போ சவ அடக்கக் கூடம். எப்போ வருவேன்னு எவளும் கேக்கமாட்டா. குடிச்சிட்டு வந்தாலும் துக்கம்னு விட்டுடுவா."

"ஏண்டா, அங்கயும் நங்கூரம் போடுவியா?"

லூபோமிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"தீப்பெட்டியெல்லாம் ஹாஸ்கின்ஸ்கிட்ட இருக்கு," என்றேன். "விலாசம் மட்டும்தான் அவனுக்குத் தெரியாது."

புரோனியா ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கினாள்.

"தெரியாதுன்னு சொல்லாதே. இப்போ தெரியும்," என்றாள். "பச்சைக் காரு. உள்ள ரெண்டு பேரு. நீதான் கூட்டிட்டு வந்திருக்கே, வாலண்டி."

பிடிக்க வேண்டியதில்லை, விட்டால் போதும், இவனே வழி காட்டுவான் என்று ஹாஸ்கின்ஸ் கணக்குப் போட்டிருக்கிறான். இருபது வருடம் உலைமுன் நின்றவனுக்கு இது தெரியாமல் போயிற்று.

"பின்கதவு?" என்றான் ஆர்வில். நாற்காலியிலிருந்து இறங்கியிருந்தான்.

"கிடங்குப் பூட்டைத் திறக்கணும். துரு பிடிச்சுக் கிடக்கு. பத்து நிமிஷம் ஆகும்."

"நான் வெளிய போறேன்," என்றேன்.

லூபோமிர் என் சட்டையைப் பிடித்தான். "பைத்தியமா உனக்கு? அது என்னுது. நான்தான் வச்சிருந்தேன்."

"உனக்கு ரெண்டு பொண்ணுங்க. எனக்கு ஒரு வாடகை ரூம்பு. கையை எடு. திங்கக்கிழமை ஆலை கேட்டுல மத்தவனுங்க என்னைப் பார்த்துத் துப்புனா நீயும் துப்பணும். கேக்குதா? நீ மட்டும் சும்மா நின்னா ஹாஸ்கின்ஸ் பாத்துடுவான்."

அவன் கையை எடுக்கவில்லை. புரோனியாதான் பிரித்துவிட்டாள்.

வெளியே ஏரிக்காற்று அறைந்தது. காரின் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே ஹாஸ்கின்ஸும் அவன் போலீஸ் மச்சானும்.

"நாலும் என்னுதுங்க," என்றேன்.

ஹாஸ்கின்ஸ் மச்சானைப் பார்த்தான். "லூபோமிர்?"

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னை உலையில தள்ளியிருப்பான்."

மச்சான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். எனக்குப் பத்து நிமிடம் வேண்டியிருந்தது.

"பல் டாக்டர்னு ஏன் பேரு வச்சாங்க தெரியுமாங்க?" என்றேன்.

"ஏன்?"

"ஒருத்தன் தினமும் பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டு வருவான். ஒரு நாள் பொண்டாட்டி, 'உனக்கு ஒரு பல்லு கூட இல்லையேய்யா'ன்னா. 'அதான் போறேன், எங்க போச்சுன்னு கேக்க'ன்னான்."

ஹாஸ்கின்ஸ் வெடித்துச் சிரித்தான். மச்சானும் சிரித்தான். நான் விடவில்லை. ஆணிக் கடையில் நிஜமாகவே கீல் வாங்க வந்த கிழவனைப் பற்றிச் சொன்னேன். புரோனியா தன் கதவுக் கீலையே கழற்றி அவனிடம் கொடுத்ததைச் சொன்னேன். நாங்கள் எங்களுக்குள் வைத்துச் சிரித்ததையெல்லாம் அவர்கள் காலடியில் கொட்டினேன். ஹாஸ்கின்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்புறம்?" என்றான். கிடங்குப் பக்கம் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. நான் குரலை உயர்த்தினேன்.

கடைசியில் மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டு விலங்கை எடுத்தான். என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனபோது ஏழு கோப்பைகளில் பீர் பாதி குடித்தபடி நின்றது. ஆள் ஒருவரும் இல்லை.

ஞாயிறு ராத்திரி என்னை வெளியே விட்டார்கள். திங்கட்கிழமை பேப்பரில் என் பெயர், தெரு, ஆலை எல்லாம் பிழையில்லாமல் வந்திருந்தன. லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஆலை கேட்டுக்குப் போனேன். ஷிஃப்ட் மாறும் நேரம். எல்லோரும் நின்றார்கள். முதலில் யாரோ ஒருவன் துப்பினான், பிறகு பலரும். லூபோமிரும் துப்பினான். என் பூட்ஸ்மேல் விழுந்தது. நான் சொன்னபடியே செய்தான்.

ஹாஸ்கின்ஸ் என்னைப் பார்க்கவில்லை. லூபோமிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக ஒரு சிகரெட்டை வாயில் வைத்தான்.

"லூபோமிர், தீப்பெட்டி இருக்கா?"

லூபோமிரின் கை சட்டைப்பைக்குள் போயிற்று. ஆறு வருடத்தில் அவன் சட்டைப்பையில் புரோனியாவின் தீப்பெட்டி இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

வெளியே வந்தது ஒரு லைட்டர். புதுசு. விலைச்சீட்டுகூடப் பிய்க்கவில்லை.

ஹாஸ்கின்ஸ் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான். லைட்டரைத் திருப்பித் தரவில்லை. விலைச்சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தான்.

"புதுசா?" என்றான். "எப்போ வாங்கினே? சனிக்கிழமையா?"