பளிச்சு துடைத்த வானம்

1

இந்தக் கதை என் கன்னத்து மச்சத்தில் தொடங்கியது. சொன்னால் சிரிப்பீர்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். படம் கைக்கு வந்தபோது இடது கன்னத்தில் இருந்த மச்சத்தைக் காணோம். “மச்சம் எங்கம்மா?” என்று கேட்டேன். கணினி முன்னால் இருந்த பெண் நிமிர்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஐயய்யோ, அது நெஜமாவே இருக்கா சார்? அழுக்குன்னு நெனச்சு எடுத்துட்டேன்.”

அடுத்த நிமிடமே புதிதாக ஒரு மச்சம் வைத்துக் கொடுத்தாள், அரை விரல்கடை தள்ளி. இன்றுவரை அந்த அட்டையோடுதான் நடமாடுகிறேன்.

வீடு வந்து சேரும்வரை ஒரே யோசனை. இந்தப் பெண் இதுவரை இன்னும் எதையெல்லாம் அழுக்கென்று எடுத்திருப்பாள்? அந்தக் கேள்வி மட்டும்தான் நிஜம். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: “வைகறையின் பொன்னொளி சதுப்பு நிலத்தின்மேல் மெல்லப் படர்ந்த அந்த”

வேண்டாம். வைகறை என்று எழுதினாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.

இரண்டாம் தொடக்கம்: “நாம் எடுக்கும் இயற்கைப் படங்களை அச்சிட்டு வைப்பதால் விளையும் நன்மைகள் மூன்று. ஒன்று, அவை”

இரண்டாவது நன்மை தோன்றாததால் இதுவும் போயிற்று. (முதலாவதும் அப்படியொன்றும் தெளிவாக இல்லை.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

கடையில் அவளுக்குப் பெயர் பளிச்சு. வைத்தவர் கடை முதலாளி, அவளுடைய சொந்தச் சித்தப்பா. எந்தப் படம் வந்தாலும் அவள் கைபட்டால் பளிச்சென்று ஆகிவிடும். மணப்பெண்ணின் பரு, குழந்தையின் மூக்கொழுகல், பின்னால் தெரியும் குப்பைத் தொட்டி, எல்லாம் மாயம். பன்னிரண்டு வருட வேலையில் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.*

* என் மச்சத்தைக் குறையாகக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் கதைக்கு வெளியே நிற்பவன்.

3

வாடிக்கையாளரை முதலில் பேராசிரியராக எழுதியிருந்தேன். அவர் வாயைத் திறந்தால் கதை வகுப்பறையாகிவிடும் என்று பயந்து அனுப்பிவிட்டேன். இப்போது அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறு நாளும் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் எண்ணெய்க் கையோடு வேலை. ஏழாம் நாள் விடிந்தால் ஆள் வீட்டில் இருக்கமாட்டார், கேமராவும் கையுமாக ஊருக்கு வெளியே சதுப்புக்குப் போய்விடுவார். இருபத்தாறாயிரம் படம் எடுத்திருக்கிறார். ஒன்றைக்கூடக் காகிதத்தில் போட்டதில்லை. பென்டிரைவை டிவியில் செருகி ஓட்டுவார். மனைவி காய் நறுக்கியபடியே “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்பாள், தலை நிமிராமலே.

அப்படி ஓட்டிய ஒருநாள் சதுப்பின்மேல் விரிந்த வானத்தில், மேகத்துக்குக் கீழே, சின்னச் சின்னதாகப் புள்ளிகள் தெரிந்தன. எடுக்கும்போது அவர் கவனிக்கவில்லை. அந்தத் திசையிலிருந்துதான் முன்பெல்லாம் பெரிய நாரைகள் வரும். அவை கடைசியாக வந்து ஆறு வருடம் ஆகிறது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். “டிவியில தூசிப்பா” என்றாள். துணியெடுத்து டிவியைத் துடைத்தார். புள்ளிகள் அப்படியே இருந்தன.

அவர் படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தபோது பளிச்சு சாப்பிடப் போயிருந்தாள். இதையெல்லாம் சித்தப்பாவிடம்தான் கால்மணி நேரம் விளக்கினார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உறையின்மேல் “மூணடி, மேட் பேப்பர்” என்று மட்டும் எழுதிவைத்தார்.

4

மறுநாள் மெக்கானிக் வந்து படத்தை மேசையில் விரித்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“புள்ளியெல்லாம் எங்கம்மா?”

“எடுத்துட்டேண்ணே!” என்றாள் பளிச்சு, பாராட்டை எதிர்பார்த்து. “வானம் பூரா தூசி. ஒண்ணுவிடாம தொடச்சுட்டேன். இப்பப் பாருங்க, எப்படி இருக்கு!”

அவர் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரும் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

“அது நாரையா இருக்கும்மா. அத எண்றதுக்குத்தாம்மா பெருசா போடச் சொன்னேன். டிவியில பெருசாக்கினா புள்ளி தெரியுது, வானம் போயிடுது. வானத்த பாத்தா புள்ளி காணாமப் போயிடுது. பேப்பர்ல போட்டா ரெண்டும் ஒண்ணா நிக்கும்ல? கூட்டமா போகுதா, சும்மா சிதறிக் கெடக்கான்னு தெரிஞ்சுடும்.” கொஞ்சம் நிறுத்தி, “சரி விடு. பென்டிரைவ்ல இருக்கும்ல, இன்னொண்ணு போடு” என்றார்.

பளிச்சு பென்டிரைவைக் கணினியில் செருகிப் பார்த்தாள். முந்தைய நாள் அவசரத்தில் பென்டிரைவிலேயே திறந்து, அதிலேயே துடைத்து, அதிலேயே சேமித்திருந்தாள். பழைய படம் இருந்த இடத்தில் புதுப் படம் உட்கார்ந்துவிட்டது. கேமராவின் மெமரி கார்டு? அதை அவர் அன்றைக்கே காலிசெய்துவிட்டார், அடுத்த வாரத்துக்கு இடம் வேண்டுமே.

உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “நாளைக்கு வாங்கண்ணே, பாக்கறேன்” என்று அனுப்பிவைத்தாள்.

5

“இதுக்கா முழிக்கிற?” என்றார் சித்தப்பா. “அஞ்சாறு புள்ளி வெச்சுக் குடு. எண்ணிட்டு சந்தோஷமா போகட்டும்.”

எனக்கும் முதலில் தோன்றிய முடிவு இதுதான். எழுதியும்விட்டேன். பளிச்சு கணினியில் சின்னத் தூரிகையை எடுத்து மேகத்துக்குக் கீழே ஏழு புள்ளிகள் வைக்கிறாள். இரண்டுக்கு லேசாகச் சிறகும் வளைத்துவிடுகிறாள். அசல் நாரைகளே தோற்றுவிடும். மெக்கானிக் எண்ணிப் பார்த்துக் கண்கலங்குகிறார். சுபம்.

ஏழு புள்ளி வைத்ததுவரை விட்டுவிட்டு, மீதியைக் கிழித்துப்போட்டேன். காரணம் நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கேள்வி குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது: ஏன் ஏழு? ஐந்து இல்லை, பதினொன்று இல்லை, யோசிக்காமல் கை ஏழு வைத்தது. எங்கிருந்து வந்தது அந்த எண்ணிக்கை?

பளிச்சுக்கும் அதே சந்தேகம்தான். திரையையே பார்த்தபடி இருந்தாள். துடைத்தபோது எத்தனை துடைத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். அழிக்கிறவள் எதற்கு எண்ணப்போகிறாள்? இந்த மனுஷன் நாளைக்கு வீட்டில் போய் ஏழு என்பார். அடுத்த வாரம் அந்த ஏழு பறவைகளைத் தேடிச் சதுப்பில் நிற்பார். காலம் முழுக்க நிற்பார். நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. வைத்த ஏழு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள்.

6

இங்கே ஒன்று சொல்லவேண்டும். முன்பே சொல்லியிருக்கவேண்டும், எனக்கே இப்போதுதான் உறைத்தது. பெரிய படம் போடும் எந்தக் கடையிலும் நேராக முழுக் காகிதத்தை ஓட்டமாட்டார்கள். நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் அச்சடித்து, நிறம் சரியா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் துடைப்பது, மினுக்குவது எல்லாம்.

பளிச்சு கழிவுப் பெட்டியைத் தரையில் கொட்டினாள்.

“என்னத்தடி தேடற?”

“துண்டு, சித்தப்பா. தொடைக்கறதுக்கு முன்னாடி ஓட்டின துண்டு.”

யாரோ ஒருவரின் அரை நெற்றி, ஒரு கேக்கின் ஓரம், கடலின் கால்வாசி. எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடைத்தது. மேலே வானம், கீழே கோரைப்புல். நடுவில், மேகத்துக்குக் கீழே, சின்னதாக, கறுப்பாக, மூன்று புள்ளிகள்.

(காகிதத்தின் நன்மை என்று இரண்டாம் தொடக்கத்தில் திணறினேன் அல்லவா? இதைத்தான் தேடியிருக்கிறேன் போல. கணினியில் இருக்கும் படம் நாம் கடைசியாகச் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளும். காகிதத்தில் ஏறியது ஏறியதுதான், அதன்மேல் யாரும் சேமிக்கமுடியாது. கட்டுரை இத்தோடு போதும்.)

7

மறுநாள் மெக்கானிக் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அழித்தது, அதன்மேலேயே சேமித்தது, ஏழு வைத்தது, எடுத்தது.

“ஒன்ன யாரும்மா தொடைக்கச் சொன்னா?” அவர் கத்தவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “நாரை வந்து ஆறு வருஷம்மா.”

“தப்புதாண்ணே. மன்னிச்சுடுங்க. இது ஒண்ணுதான் மிச்சம்.”

துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கடையில் இருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கிட்டே போகப்போக மைப்பொட்டுகள்தான் தெரிந்தன. துண்டை மெல்ல மேசையில் வைத்தார்.

“ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. இது தூசியாவும் இருக்கலாம். எம் பொண்ணு சொன்னதுலேர்ந்து மனசு அடிச்சுக்குது. டிவில இல்ல, கேமரா உள்ளயே தூசி இருந்தா? இத்தன நாளா தூசியப் பாத்துத்தான் சந்தோஷப்பட்டுட்டிருக்கேனா?”

பளிச்சு சட்டென்று நிமிர்ந்தாள். “கேமரா கொண்டாந்திருக்கீங்களா?”

“வண்டில இருக்கு.”

“கொண்டாங்கண்ணே. உள்ள தூசி இருந்தா அது நகராது. எத எடுத்தாலும் அதே எடத்துல வந்து நிக்கும். பறவைன்னா அன்னிக்கே பறந்து போயிருக்கும்.”

இந்த இடத்தில் எனக்கே ஆர்வம் தாங்கவில்லை, பேனாவை வேகமாக ஓட்டியதில் ஒரு பத்தி விட்டுப்போயிற்று. சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்போர்ட் படத்துக்குத் தொங்கும் வெள்ளைத் திரையை அவர் கேமராவிலேயே, அதே லென்ஸில் எடுத்தார்கள். அதே அளவில், அதே இடத்துத் துண்டை மட்டும் அச்சுக்கு அனுப்பினாள். இயந்திரம் கரகரவென்று காகிதத்தைத் தள்ள ஆரம்பித்தது. இருவரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சித்தப்பா அவள் காதருகே குனிந்தார். “தூசின்னு வந்துச்சுன்னு வையி, நீ பண்ணது சரியான வேலை. ஒருத்தரும் ஒன்ன ஒண்ணும் சொல்லமுடியாது.”

அது அவளுக்கும் தெரியும். பன்னிரண்டு வருடப் பெயர் அந்தக் காகிதத்தில்தான் வெளியே வந்துகொண்டிருந்தது.

8

வெள்ளைத் துண்டை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் வானத்துண்டை வைத்தார்கள். பின்னாலிருந்து வெயில் அடித்ததால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. மெக்கானிக் மூலைகளைச் சரிசெய்தார். லிஃப்ட் கதவை இழை பிசகாமல் பொருத்துகிற கை அது.

முதல் புள்ளி. அதன் அடியில், அச்சு அசலாக, இன்னொரு புள்ளி.

“தூசி” என்றார்.

பளிச்சுக்கு அப்பாடா என்று இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. தான் தப்பிக்க வழி கிடைத்தும் ஏன் இப்படி இருக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. மற்ற இரண்டும், காகிதம் நகராமல் அழுத்திப் பிடித்திருந்த சித்தப்பாவின் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தன. அவர் இன்னும் விரலை எடுக்கவில்லை.

நானும் இன்னும் பார்க்கவில்லை. சத்தியமாக. இரண்டும் பறவை என்று ஒரு முடிவு, இரண்டும் தூசி என்று ஒரு முடிவு, ஒன்று இது ஒன்று அது என்று நடுவில் ஒன்று, மூன்றையும் எழுதிப் பார்த்து மூன்றையும் கசக்கிவிட்டேன். என் கையிலும் தூரிகை இருக்கிறது. நான் பார்த்தால் ஒன்று வைத்துவிடுவேன், இல்லை துடைத்துவிடுவேன். மேலே சொன்ன ஏழு என் கைவேலைதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே நீங்கள் வாருங்கள். ஜன்னல் பக்கம் இடம் இருக்கிறது. சித்தப்பாவை விரலை எடுக்கச் சொல்லி நீங்களே பாருங்கள், பார்த்ததைப் பார்த்தபடி அவர்களிடம் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. விரலை எடுப்பதற்கு முன்னால் பளிச்சு வாய்விட்டு ஒன்று சொன்னாள், அதைமட்டும் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

“கொஞ்சம் இருங்க சித்தப்பா,” என்றாள். “அண்ணே, இது பறவைன்னா, அழிச்சவ நான்தான். அது தெரிஞ்சேதான் சொல்றேன். பறவையா இருக்கணும்ணே.”