தலைவி கை தூக்க வேண்டும்

டெல்லியில் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்த சட்டம் ஒன்று, ஊர் ஊராகச் சுற்றித் திண்டிவனத்தைத் தாண்டி அந்தச் சின்னக் கிராமத்துக்கும் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தைக் கவனிக்கப் பெற்றோர் குழு வேண்டுமாம். அதற்குத் தாய்மார்களில் ஒருத்தியைத் தலைவியாக்க வேண்டுமாம். அப்படித்தான் களை வெட்டிக்கொண்டிருந்த அன்புச்செல்வியைக் கூப்பிட்டுத் தலைவி ஆக்கினார்கள். கூப்பிட்டவர் ஊராட்சித் தலைவர் சீனுவாசன். அவள் களை வெட்டியது அவர் நிலத்தில், புருஷன் ஓட்டுவது அவர் டிராக்டர், குடியிருப்பது அவர் மனையில். வேறு யாரைக் கூப்பிடுவார் மனிதர்!

கூட்டம் என்றால் போவாள், டீ குடிப்பாள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். தன் பேரை மட்டும் எழுதத் தெரியும். பங்குனியில்தான் வந்தது வினை. சீனுவாசன் வழக்கம்போலப் பள்ளி மைதானத்தில் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, காயப்போட்டு, மூட்டைகளை வகுப்பறையில் அடுக்கினார். கலைப்பிரியா டீச்சர் விழுப்புரத்தில் அதிகாரிகளிடம் சொல்லி, அத்தனையையும் அள்ள வைத்துவிட்டார்.

"அந்த டீச்சர மாத்தணும்னு தீர்மானம் போடு. நீதான பிரசிடெண்டு" என்றார் சீனுவாசன்.

"எம் பொண்ணு அவங்ககிட்டதான் எழுத்தே கத்துக்கினுச்சுங்க ஐயா."

"படிக்கட்டும். எந்த ஊர்ல குடியிருந்துக்கினு படிக்கும்னு யோசிச்சுக்கோ."

மூன்றாம் வகுப்பு வரை எழுத்துக் கூட்டத் தெரியாமல் முழித்த சங்கவி, இப்போது பஸ் போர்டு, உப்பு பாக்கெட் எதையும் விடுவதில்லை. அந்த டீச்சரையா அனுப்புவது? அன்புச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

"பேஜாரு பண்ணாதம்மே" என்றான் புருஷன். "டீச்சருக்கு வேற ஸ்கூலு கெடைக்கும். நமக்கு வேற மனை கெடைக்குமா?"

அது நியாயமாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தலைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே சீனுவாசன், ஓரமாக டீச்சர். தீர்மானத்தை உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்கத் தலைமையாசிரியருக்குத் தைரியம் போதவில்லை.

"உங்க பொண்ணுதான் நல்லா படிக்குதே, அதையே வாசிக்கச் சொல்லுங்க" என்று நழுவிக்கொண்டார்.

சங்கவி துள்ளிக்கொண்டு வந்து வாசித்தாள். "மாணவர் நலன் கருதி, மேற்படி ஆசிரியைக்கு வேறு பள்ளிக்குப் பணிமாறுதல் வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது." அந்த அரசாங்கத் தமிழில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. முடித்ததும் டீச்சர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"எங்கயுமே திக்கல. வெரி குட்" என்றார் டீச்சர்.

"ஏத்துக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் தலைமையாசிரியர்.

யாரும் தூக்கவில்லை. எல்லாத் தாய்மார்களும் அன்புச்செல்வியையே பார்த்தார்கள். அவள் தூக்காவிட்டால் ஒருத்தியும் தூக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும். சீனுவாசன் தொண்டையைச் செருமினார்.

நாசமாகப் போன நாற்காலி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் கையைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்த சங்கவி, வகுப்பில் பதில் தெரிந்தவுடன் தூக்குவதுபோல், சிரித்துக்கொண்டே தன் கையையும் தூக்கினாள்.