தண்டவாளத்தோரத்து வீடு

ஒஸ்தாப் கடப்பாரையைத் தண்டவாள ஆணியின் தலைக்கடியில் கொடுத்து எம்பினான். கிரீச்சென்று ஆணி மேலே வந்தது. இருபத்திரண்டு வருடம் இந்தப் பாதையில் ஆணி அடித்தவன். இப்போது பாதையை மூடி, ஆணிகளைப் பிடுங்குவதற்கும் அவனையே வைத்திருந்தார்கள்.

மார்ல்டன், ரயில் கம்பெனி வெட்டவெளியில் முளை அடித்து, பெயர்ப்பலகை நட்டு உண்டாக்கிய ஊர். ஒரு காலத்தில் இரண்டு தானியக் கிடங்கு, ஓட்டல், பள்ளிக்கூடம், இருநூறு சனம். முதலில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பிறகு தபாலாபீஸை, போன மாதம் கடைசிக் கிடங்கையும். குளிர்காலங்களில் ஆட்கள் வீடுகளையே சறுக்குக் கட்டைகளில் ஏற்றி, உறைந்த தரையில் டிராக்டரால் இழுத்துக்கொண்டு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒஸ்தாப் குடியிருந்த கம்பெனி வீடு. அதை விலைக்குக் கேட்டு எழுதிப் போட்டிருந்தான். மனைவி பராஸ்காவின் அண்ணன் நிலத்துக்கு இழுத்துப் போய்விடலாம் என்று திட்டம்.

மேஸ்திரி மெக்ரே டிராலியிலிருந்து இறங்கினார்.

"ஒஸ்தாப்பு, பதில் வந்துருச்சுய்யா. வீட்ட ஹால்வருக்குக் குடுத்துட்டாங்க."

"அந்தப் பண்ணைக்காரருக்கா? மாளிகையில இருக்கறவருக்கு இது எதுக்குங்கய்யா?"

"கோதுமை கொட்டத்தான். கிடங்கு மூடிட்டாங்கல்ல, வயல்ல போட்டு நனைய விடுவானா?"

"மத்த ஊர்லயும் இதே மாதிரி வீடு கெடக்கே?"

"போய்ப் பார்த்தானாம். எல்லாம் ஓட்டையாம். உன் வீட்டுத் தரையில ஒரு கோதுமை மணிகூட ஒழுகாதுங்கறான். எவன்யா பலகை அடிச்சான்னு என்கிட்டயே கேக்குறான்!"

போன கோடையில் சொந்தக் காசில் பலகை வாங்கி அடித்தவன் ஒஸ்தாப்தான். எப்படியும் நம்மிடம் வரப்போகிற வீடு, பராஸ்காவின் முழங்காலுக்குக் குளிர் ஏறக்கூடாது என்று அவசரப்பட்டுவிட்டான். அடுத்த ஆணிக்குக் கடப்பாரையைக் கொடுத்தான்.

சனிக்கிழமை சாமான்களை வெளியே எடுத்து வைத்த பிறகு பராஸ்கா வாளியும் துணியுமாய்த் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"யாருக்குடி துடைக்கிற?"

"கோதுமைக்குத்தாங்க. அழுக்கா விட்டுட்டுப் போனாங்கன்னு யாரும் பேச வேணாம்."

ஹால்வர் லாரியோடு வந்தார். சமையலறை ஜன்னலை நெம்பி எடுத்துவிட்டு, தானியம் ஏற்றும் நீளக் குழாயை உள்ளே நுழைத்தார்.

"ஒஸ்தாப்பு, சும்மாத்தான நிக்கிற? ஆடாமப் பிடிய்யா."

ஒஸ்தாப் பிடித்தான். கோதுமை சோவென்று இறங்கி, அடுப்பு இருந்த மூலையை மூடியது. பிறகு கதவு வழியாகப் படுக்கையறைக்குள் சரிந்தது. பனி தூற ஆரம்பித்திருந்தது.

"நனையுதே, சீக்கிரம்!" என்று ஹால்வர் கத்தினார். ஓடிப்போய் லாரியிலிருந்த கோதுமையின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

பராஸ்கா வெளியே சாமான் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அண்ணனின் வண்டிக்குக் காத்திருந்தாள். அவளுடைய முக்காட்டில் பனி படிந்துகொண்டிருந்தது.