முதலாண்டு முடிந்ததுமே வேலை

நொரீன் ஹால்டேன் ஒரு கல்லூரியில் கணினி மாணவர்களை வேலைக்கு அனுப்பும் பிரிவைக் கவனித்துவந்தாள். ஒரு பருவம் படிப்பு, அடுத்த பருவம் ஏதாவது நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறிப் போகும் ஏற்பாடு. இரண்டாம் ஆண்டு முடித்தவர்களைத்தான் அனுப்புவது வழக்கம். முதலாண்டு முடிந்ததுமே அனுப்பலாம் என்று அவள் புதுத் திட்டம் கொண்டுவந்தாள்.

பேராசிரியர் லாக்லன் கூட்டத்திலேயே சிரித்துவிட்டார். "நடக்கவே தெரியாததுங்களை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புறியா, நொரீன்?"

"நீங்கல்லாம் ஒரு வருஷமா சொல்லித் தர்றது பரீட்சைக்கு மட்டுந்தானா, லாக்லன்?"

கடைசியில், சோதனையாக ஒரே ஒரு மாணவியை அனுப்பிப் பார்ப்பதென்று முடிவானது.

டாப்னி கோவல்சுக் மே மாதம் பக்கத்து ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனாள். எந்த லாரி எந்தப் பண்ணைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கணினி நிரலைத் திருத்துவது அவள் வேலை. சில வாரங்களில், ஒரு திருத்தத்தைச் சோதனையாக ஓட்டிப் பார்க்காமலே நேராகச் சங்கத்துக் கணினியில் ஏற்றிவிட்டாள். மறுநாள் லாரிகள் ஏற்கெனவே பால் எடுத்த பண்ணைகளுக்கே திரும்பப் போய் நின்றன. மற்ற பண்ணைகளில் தொட்டி நிரம்பி, பாலைக் கீழே கொட்ட வேண்டியதாயிற்று.

தகவல் தெரிந்ததும் நொரீன் சோள வயல்களின் நடுவே காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். டாப்னி வாசலிலேயே நின்றிருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து.

"என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க, மேடம். இங்க யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது."

மேலாளர் ஆர்டன் வீப் உள்ளேயிருந்து வந்தார். "கூட்டிட்டுப் போறதா? அதெல்லாம் நடக்காது. காலையிலேருந்து ஒவ்வொரு பண்ணைக்கும் இந்தப் பொண்ணேதான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுச்சு. ஒரு கிழவர் கண்டபடி திட்டினாரு. அவரு முடிக்கிற வரைக்கும் இந்தப் பொண்ணு போனைக் கீழ வைக்கல."

"அவ எழுதினதை யாரு சரி பாத்தாங்க?"

"யாரும் பாக்கல. வழக்கமா வர்ற பசங்க ஓட்டிப் பாத்துட்டுத்தான் ஏத்துவாங்க. இந்தப் பொண்ணுக்கு அது தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியல."

எழுதியதை ஓட்டிப் பார்க்கும் பாடம் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. திட்டம் போட்டபோது அதை நொரீன் யோசிக்கவே இல்லை. டாப்னியை அங்கேயே விட்டுவிட்டு, இனி யாராவது ஒருவர் அவளோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்று ஆர்டனிடம் கேட்டுக்கொண்டு திரும்பினாள்.

செப்டம்பர் கூட்டத்தில் திட்டத்தைத் தானே திரும்பப் பெற்றாள்.

"அப்போ நான் சொன்னதுதானே சரி?" என்றார் லாக்லன்.

"பாதி சரி. நீங்க எடுக்கற அந்த ஓட்டிப் பாக்கற பாடத்தை முதல் வருஷத்துக்குக் கொண்டாங்க, நான் மறுபடி கேக்கறேன்."

"முதல் வருஷப் பசங்களுக்கு நான் எடுக்க மாட்டேன்."

"தெரியும்."

பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிற்று. அடுத்த வேலைப் பருவத்துக்கும் டாப்னியையே அனுப்பும்படி ஆர்டன் கேட்டுப் பார்த்தார். அவள் டொரொன்டோவில் ஒரு வங்கியைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.